மேற்கே என் வீட்டு அடுப்படி

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவனும் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது.

நான் இங்கே நலம். தங்கள் தங்கை பக்கத்து ஊரில் நலம். பதற வேண்டாம் மச்சான். அவள் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போய்விடவில்லை. நான் உட்கார்ந்து எழுதும் இந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரிகிறது. வெங்காயம் உரிக்கிறாள். ஆனால் உரிக்கும் இடம் வேறு ஊர். இதை விளக்கத்தான் இந்தக் கடிதம். தாங்கள் கடையிலிருந்து அனுப்பிய மூக்குக்கண்ணாடி வந்து சேர்ந்தது. தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, பக்கத்தில் இருப்பதுதான் கொஞ்சம் மங்கல். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது தலைபோகிற விஷயம் வேறு.

முதலில் பூகோளம். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய பலகை இருக்கிறதே, போன முறை வந்தபோது நீங்கள் அதன் நிழலில்தான் நின்றீர்கள், அதில் உள்ள வாசகம் முழுவதும் நான் எழுதியது. 'இந்நகரம் வடக்கே கல்குவாரியையும், கிழக்கே ரயில் ஓடினாலும் நிற்காத தண்டவாளத்தையும், தெற்கே கோடையில் மைதானமாக மாறும் ஏரியையும், மேற்கே பழைய ஓடையையும் எல்லைகளாகக் கொண்டு ஐயாயிரம் மக்களுடன் விளங்குகிறது.' பழைய ஓடை என்று கௌரவமாக எழுதியிருக்கிறேனே தவிர, ஓடை வற்றித் தூர்ந்து நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டது. அது ஓடிய இடத்தில் இப்போது இருப்பது என் வீட்டு அடுப்படி வாசல். வீட்டைக் கட்டிய கொத்தனார் எல்லையை எங்கே பார்த்தார்? வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார், கட்டிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு நில அளவைக்காரர்கள் வந்து சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்து, கூடமும் படுக்கையறையும் நம் நகரம், அடுப்படியும் கொல்லையும் அடுத்த கிராமம் என்று சொல்லி, அடுப்படி வாசலில் ஒரு எல்லைக்கல்லையும் நட்டுவிட்டார்கள். இத்தனை வருடமாக அந்தக் கல்லால் எனக்கு வந்த நஷ்டம் கால் நகம் மட்டும்தான். குப்பையை மட்டும் இரண்டு ஊர்க்காரர்களும் எடுக்க மாட்டார்கள், ஆளுக்கு ஆள் அந்தப் பக்கம் கையைக் காட்டுவார்கள்.

இப்போது மக்கள்தொகை. இந்த வருடம் அரசாங்கத்திலிருந்து தலை எண்ண வந்திருக்கிறார்கள். ஐயாயிரத்துக்கு ஒரு தலை குறைந்தாலும் நகரம் என்ற பெயர் போய்விடும், கிராமம் என்று எழுதிவிடுவார்களாம். நகரசபை கலைந்துவிடும், தலைவர் பதவியும் அதோடு போகும். நம் தலைவரை உங்களுக்குத் தெரியுமே, நாற்காலிக் கடைக்காரர். ஊரில் எல்லாரும் அவரை 'நாற்காலி' என்றுதான் சொல்வார்கள், காதுபடச் சொல்வதில்லை. அவர் மிரண்டுபோய் என் வீட்டுக்கு ஓடிவந்து, பூகோளம் படித்தவர் நீங்கள்தான் சார், மக்கள்தொகைக் குழுவுக்கு நீங்களே தலைமை தாங்க வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்றதிலிருந்து என்னை யாரும் எதற்கும் தலைமை தாங்கச் சொல்லவில்லை மச்சான். உங்கள் தங்கை வழியிலிருந்து தள்ளி உட்காரத்தான் சொல்லியிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன். அதோடு அந்தப் பலகை என்னுடையது. 'இந்நகரம்' என்று தொடங்கும் வாசகத்தை அடித்து 'இக்கிராமம்' என்று ஒரு பெயிண்டர் எழுதுவதை நான் உயிரோடு இருந்து பார்க்க வேண்டுமா?

எண்ணுவதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் எங்கே படுக்கை போட்டுக் குடியிருக்கிறாரோ அதுதான் அவர் ஊர். விருந்தாளியாக வந்து படுப்பவரைச் சேர்க்க மாட்டார்கள். எண்ண வந்திருக்கும் பெண் சின்ன வயதுதான், ஆனால் எமகாதகி. தேநீர் கொடுத்தால்கூட, குடித்தால் பேச்சு வரும் சார் என்று மறுத்துவிடுவாள். நான் வரைபடத்தை வைத்துத் தெருவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன், அவள் வீடுவீடாகப் போய் எண்ணினாள், கூட்டிப் பார்த்தோம். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மறுபடி கூட்டினோம். அதேதான். ஒரு தலை குறைகிறது. வெள்ளிக்கிழமை கடைசிச் சரிபார்ப்பு. தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டு, அந்த ஒரு ஆள் எங்கேயாவது தூங்கிக்கொண்டிருப்பான், எப்படியாவது கண்டுபிடியுங்கள் சார் என்றார்.

தேடினேன் மச்சான், சல்லடை போட்டுத் தேடினேன். சைக்கிள் கடையில் இரட்டையர்கள் இருக்கிறார்கள், இருவரையும் ஒருவர் என்று எண்ணியிருப்பாளோ என்று போய் நின்றேன். அவள் இருவரையும் சரியாக எண்ணியிருந்தாள், நான்தான் ஒருவனிடமே இரண்டு முறை கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். தையல்காரர் காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போகிறவர். கடையிலேயே படுத்துக்கொள்ளுங்களேன், காற்றோட்டமாக இருக்கும் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். என் சம்சாரம் காலை ஒடிச்சிடுவா சார், அப்புறம் மிஷினை யார் மிதிக்கிறது என்று கேட்டார். கம்பவுண்டர் மனைவிக்கு இது பேறுகால மாதம். தலைவர் தினமும் பழத்தை வாங்கிக்கொண்டு போய் வாசலில் நின்று, இன்னைக்கா நாளைக்கா என்று விசாரித்ததில் அந்தப் பெண்ணின் மாமியார் கதவைச் சாத்திவிட்டார். கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வெளியூர்த் திருடன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, மூழ்குகிறவன் துரும்பைப் பிடிக்கிற மாதிரி அங்கேயும் ஓடினோம். எண்ண வந்த பெண் கம்பிக்கு வெளியே நின்று, உங்க படுக்கை எந்த ஊர்ல என்று கேட்டாள். அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"எனக்குப் படுக்கையே கெடையாதும்மா. ராத்திரியில தொழிலு, பகல்ல ஓட்டம்."

அவளும் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். தலைவர் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் இருக்கிற அத்தனை வீட்டையும் நான் சரிபார்த்தேன். என் வீட்டை மட்டும் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? என் வீட்டில் இருக்கிற ரெண்டு பேரை எனக்குத் தெரியாதா? அப்படி நினைத்துக்கொண்டுதான் போன வாரம் திங்கட்கிழமை வரைபடத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வந்து செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றாள். ஒரு மாதிரி தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"சார், குறையிற ஆள் உங்க வீட்டுலதான் குறையுது."

சிரித்தேன் மச்சான். நாங்க ரெண்டு பேரும்மா, இதோ நான், அதோ அவங்க என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் ஏரிக்கரைத் தெருவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் இங்கே வந்து எண்ணினாளாம். உங்க படுக்கை எங்கேம்மா என்று உங்கள் தங்கையைக் கேட்டாளாம். அடுப்படியில என்று பதில் வந்ததாம். எத்தனை நாளாக என்றதற்கு, ஆச்சு, ஒரு மாசம் இருக்கும் என்றாளாம். அடுப்படி அடுத்த கிராமம் ஆயிற்றே. அந்தக் கிராமத்துக் கணக்கில் ஒரு தலை கூடியிருக்கிறது, நம் கணக்கில் ஒரு தலை குறைந்திருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். நெய்க்கு அலைந்தவனாவது தன் தெருவோடு நின்றான், நான் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் அலைந்தேன்.

ஒரு மாதமாகவா தெரியவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படித் தெரியும், சொல்லுங்கள். காலையில் தேநீர் வருகிறது, மதியம் சாப்பாடு வருகிறது, துவைத்த சட்டை மடித்த இடத்தில் இருக்கிறது. ஆள் இருப்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கட்டிலில் அவள் பக்கம் நகர வரைபடத்தை ஒட்டிக் காயப்போட்டிருந்தேன். பெரிய வரைபடம், எட்டுத் தாளைச் சேர்த்து ஒட்டியது, மடித்தால் ஏரி உரிந்து வந்துவிடும், அதனால் அப்படியே விரித்துவிட்டேன். வரைபடத்துக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். தினமும் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன், அதற்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதை ஒரு குற்றம் என்று சொல்ல முடியுமா?

சரி, நடந்தது நடந்துவிட்டது, ஆள் கிடைத்துவிட்டது, நாலடி இந்தப் பக்கம் வந்து படுத்தால் நகரம் பிழைத்தது. இவ்வளவு சுலபமான வேலை ஒன்று உண்டா என்று நினைத்து அடுப்படி வாசலில் போய் நின்று சட்டத்தை எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பால் பொங்குது, தள்ளுங்க என்றாள். தலைவருக்கு ஆள் அனுப்பினேன். அவர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கூடத்தில் நின்று, அடுப்படியைப் பார்த்து ஒரு மேடைப்பேச்சே பேசினார். தாயே, இந்த நகரத்தின் மானம் உங்கள் கையில் இருக்கிறது என்றார். வெறும் பேச்சு எடுபடவில்லை என்று தெரிந்ததும், தேக்கு மரத்தில் ஒரு புதுக் கட்டில் கடையிலிருந்து அன்பளிப்பாகத் தருகிறேன் என்றார். அதற்கு மட்டும் சரி என்றாள். கட்டில் வந்தது. தூக்கிவந்த ஆட்களிடம் அவளே முன்னால் நின்று கையைக் காட்டி, அப்படியே உள்ளே கொண்டுபோய் அடுப்படி ஜன்னல் ஓரமாகப் போடச் சொல்லிவிட்டாள். தலைவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் முடியாமல், எங்களையெல்லாம் மாறிமாறிப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சேர்ந்தார்.

பேச்சில் ஆகாதது பூகோளத்தில் ஆகட்டும் என்று அடுத்த நாள் அவள் கொல்லையில் துணி உலர்த்தும் நேரம் பார்த்து, கடப்பாரையை எடுத்து அந்த எல்லைக்கல்லைக் கொஞ்சம் மேற்கே நகர்த்தப் பார்த்தேன். தேச எல்லைகளையே நகர்த்தியிருக்கிறார்கள், ஒரு அடுப்படி எல்லையை நகர்த்தினால் என்ன? கல் அசைந்தது. அசைந்து என் கட்டைவிரலில் சாய்ந்தது. இப்போது நகமும் இல்லை, நடையும் இல்லை, நொண்டிக்கொண்டிருக்கிறேன். அவள்தான் கட்டுப் போட்டுவிட்டாள். கல்லை மறுபடி நேராக நிறுத்தியதும் அவள்தான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போல, அன்று சாயங்காலமே அடுத்த கிராமத்துத் தலைவர் கொல்லைப்புறமாக வந்து, எங்க ஊருக்குப் புதுசா வந்திருக்கீங்க, வாங்க வாங்க என்று ஒரு கூடை காய்கறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாற்பது வருடமாக என் மனைவி அந்த இடத்தில்தான் நின்று சமைக்கிறாள், அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காத மனுஷன்.

நேற்று மதியம் வெட்கத்தை விட்டு நேரடியாகவே கேட்டுவிட்டேன். கூடத்துக்கு வந்துடு, ஊருக்கு ஒரு ஆள் குறையுது, எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறாங்க என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை மச்சான், அதுதான் எனக்குப் புரியவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஊருக்கு ஒரு ஆள் குறையுதுன்னு ஊரெல்லாம் தேடுனீங்க. உங்களுக்கு ஒரு ஆள் குறையலயா?"

இதற்கு என்ன அர்த்தம்? நான் ஐயாயிரத்தைப் பற்றிப் பேசுகிறேன், அவள் ஒன்றைப் பற்றிப் பேசுகிறாள். கணக்குக்கு உள்ளே வராத கேள்வி. குறையலயா என்றால், குறைகிறது என்றுதானே இத்தனை நாளாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? நீங்கள் அவளுக்கு அண்ணன், தோளில் தூக்கி வளர்த்தவர், நீங்கள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் கடையைப் பையன் பொறுப்பில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கு நல்ல புத்தி சொல்லிக் கூடத்துக்கு அழைத்து வந்து விடுங்கள். ஒரு நகரத்தைக் காப்பாற்றிய புண்ணியம் உங்களுக்குக் கிடைக்கும். பலகையில் இடம் இருக்கிறது, தலைவரிடம் சொல்லி உங்கள் பெயரையும் எழுதச் சொல்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் என் ஆசிகள், எல்லாரும் எந்த ஊரில் படுத்தாலும் ஒரே ஊரில் படுக்கட்டும். 

இப்படிக்கு,
தங்கள் வருகையை வாசலில் நொண்டியபடி எதிர்பார்க்கும்
தங்கை கணவன்

பின்குறிப்பு: மச்சான், வர வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடுங்கள். முப்பது வருடம் பரீட்சைத்தாள் திருத்திய பழக்கம், எதை எழுதினாலும் ஒரு முறை சிவப்புப் பேனாவோடு படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுவேன். ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். 'உங்களுக்கு ஒரு ஆள் குறையலயா' என்ற வரி வந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, சொன்னால் என்ன, உங்களிடம்தானே சொல்கிறேன். திருடனைக்கூடப் போய், படுக்கை எங்கே என்று விசாரித்த குழுவுக்குத் தலைவன் நான். உங்கள் தங்கையிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மாதம் அவள் தனியாக அடுப்புப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். வரைபடத்தைச் சுருட்டினேன், நினைத்தபடியே ஏரி உரிந்து வந்துவிட்டது, போகட்டும். தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவள் முறத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குறையுது, ரொம்பக் குறையுது என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தேக்குக் கட்டிலில் இருந்த தன் தலையணையை மட்டும் ஓரமாக நகர்த்திப் போட்டாள். அகலமான கட்டில், இரண்டு பேருக்குத் தாராளம்.

ஆக, இனி நாங்கள் இருவரும் அடுத்த கிராமம். நம் நகரத்துக்கு இப்போது இரண்டு தலை குறைகிறது. குழுத் தலைமையை ராஜினாமா செய்து எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைவர் ஓடிவந்து கூடத்தில் நின்று குதித்தார். நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே, இது வேற ஊர் விவகாரம் சார், இங்கே தலையிட உங்களுக்கு அதிகாரம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பலகையில் யார் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். கால் வலியால் தபாலாபீஸ் வரை நடக்க முடியவில்லை, உங்கள் தங்கைதான் இதைக் கொண்டுபோய்ப் போடுகிறாள்.

அண்ணா, நல்லா இருக்கீங்களா, அண்ணி நல்லா இருக்காங்களா? உறையை ஆவியில காட்டிப் பிரிச்சுட்டேன், தப்பா நினைக்காதீங்க. அவர் எழுதினது எல்லாம் உண்மைதான், கல்லு மட்டும் கொஞ்சம் இல்ல, ரெண்டு முழம் நகர்த்தப் பார்த்தார். ஊரு ஒண்ணும் கிராமமா ஆகப்போறது இல்ல. எண்ணுற பொண்ணை வழியில பார்த்துப் பேசிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில அவ வர்றதுக்குள்ள அந்தக் கட்டிலைக் கூடத்துல கொண்டுபோய்ப் போட்டுடணும், நாற்காலிக் கடைக்காரர்கிட்ட ஆள் அனுப்பச் சொல்லியாச்சு. அதுவரைக்கும் நீங்க இவர்கிட்ட மூச்சு விடாதீங்க. ஊரே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்து படுத்திருக்கிற மனுஷனை இன்னும் ரெண்டு நாள் பார்த்துக்கிறேன்.